கத்தி தீட்டும்போது பிசிறைக் கவனியுங்கள்

தக்காளித் தோலில் வைத்து இழுத்தால் கத்தி இறங்காமல் வழுக்குகிறதா? தீட்டும் நேரம் வந்துவிட்டது. மழுங்கிய கத்திதான் கையைப் பதம் பார்க்கும். அழுத்தம் கூடக் கூட, அது எங்கே வழுக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல் போதும். ஊறவைக்கும் வகைக் கல்லென்றால் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் கிடக்கட்டும். அடியில் ஈரத்துணி விரித்தால் கல் நகராது. கத்தியின் அகலம் 4 செ.மீ. என்றால், முதுகுப் பக்கத்தைக் கல்லிலிருந்து 1 செ.மீ. தூக்குங்கள், கோணம் சுமார் 15 டிகிரி வரும். அந்த உயரம் மாறவே கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: கை ஆடினால் விளிம்பு உருண்டுபோகும்.

ஒரு பக்கத்தை இப்படிக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருங்கள், எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள். மறுபக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே மெல்லத் தடவிப் பாருங்கள் (விளிம்பின் நீளவாக்கில் வேண்டவே வேண்டாம்). மெல்லிய பிசிறு ஒன்று, அதாவது விளிம்பில் மடிந்து நிற்கும் உலோக இழை, தட்டுப்படும். அடிமுதல் நுனிவரை அது வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்ததும், அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு. பிசிறு உதிர்ந்துவிடும். இதை விட்டுவிட்டால் முதலில் நன்றாக வெட்டும், சீக்கிரமே மழுங்கும்.

கடைசியில் கத்தியைக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் உலோகத் துகள் காய்கறியில் சேரக்கூடாது.