டெலிகிராமில் ஒரே ஒரு செய்தி அனுப்பும் பாட் எழுதுவது எப்படி?

இரவில் ஓடும் பேக்கப் முடிந்ததும் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தால் போதும் என்பவர்களுக்கு, டெலிகிராம் 2015இல் அறிமுகப்படுத்திய பாட் (நிரலால் இயங்கும் தானியங்கிக் கணக்கு) வசதியே போதுமானது. தனி சர்வர் தேவையில்லை.

பாட்ஃபாதர் என்னும் கணக்கிற்கு நியூபாட் கட்டளையை அனுப்பிப் பெயர் கொடுத்தால், பாட்டின் கடவுச்சொல் போன்ற நீண்ட டோக்கன் ஒன்று கிடைக்கும். அது கையில் கிடைத்த எவரும் உங்கள் பாட்டின் பெயரில் செய்தி அனுப்ப முடியும் என்பதால், அதை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே, இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பு) வைப்பதே முறை. கசிந்துவிட்டால் ரிவோக் கட்டளையால் உடனே ரத்து செய்யுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்ததுதான். பாட் தானாக யாரிடமும் பேச்சைத் தொடங்க முடியாது. எனவே நீங்கள் முதலில் அதைத் திறந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, பாட்டிற்கு வந்த செய்திகளைக் காட்டும் கெட்அப்டேட்ஸ் (getUpdates) முகவரியை பிரவுசரில் திறந்து, அங்கு ஜேசன் (JSON) என்னும் தரவு வடிவில் வரும் விடையில் சாட் என்பதன் கீழுள்ள ஐடி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முகவரியில் டோக்கனுக்கு முன்னால் பாட் (bot) என்ற ஆங்கிலச் சொல் இடைவெளியின்றி ஒட்டி நிற்க வேண்டும். குழுவின் எண் என்றால் கழித்தல் குறியையும் விடாமல் எழுதுங்கள்.

பிறகு பைத்தான் நிரல்மொழியில், இணைய முகவரிகளுக்குக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைக் கொண்டு, அந்த ஐடியையும் 4096 எழுத்துகளுக்கு மிகாத உரையையும் செய்தி அனுப்பும் சென்ட்மெசேஜ் (sendMessage) முகவரிக்கு போஸ்ட் செய்யுங்கள். விடையில் 401 என்ற பிழை எண் வந்தால் டோக்கனைச் சரிபாருங்கள். 403 வந்தால் பெறுநர் பாட்டைத் தடுத்திருக்கக்கூடும்.