ஷில்லாங் போறீங்களா, இயூடூ சந்தைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க

ஷில்லாங் போறேன்னு யாரு சொன்னாலும் நான் மொதல்ல கேக்கறது, இயூடூவுக்கு எந்த நாள் வெச்சிருக்கீங்கன்னு தான். பாதி பேருக்கு அந்த பேரே தெரியாது. டூர் பேக்கேஜ்ல எல்லாம் சிரபுஞ்சி அருவி, டாக்கி ஆத்துல போட்டிங், வேர்ப்பாலம், கடைசி நாள் சாயங்காலம் போலீஸ் பஜார்ல ஸ்வெட்டர் வாங்கறது, அவ்ளோ தான் இருக்கும். ஆனா மேகாலயா மலைல வெளையற வெத்தலைல இருந்து மஞ்சள் வரைக்கும் வந்து எறங்கற எடம் இயூடூ தான், அந்த ஊர் சனங்க எப்படி வாழறாங்கன்னு தெரியணும்னா அங்க தான் போகணும், எனக்கு அருவிய விட அந்த சந்தை தான் மனசுல நிக்குது.

மொதல்ல பேர் விஷயம். ஊர்ல எல்லாரும் இயூடூன்னு சொல்லுவாங்க, வெளியூர்க்காரங்க, ஹிந்தி பேசறவங்க படா பஜார்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணு தான். காஸிங்கறது இந்த மலைல வாழற பழங்குடி மக்கள், அவங்க பாஷையில இயூன்னா சந்தை, டூன்னா கடைசி. காஸி மக்களுக்கு பழைய கணக்குல வாரத்துக்கு ஏழு நாள் இல்ல, எட்டு நாள், அந்தந்த நாள்ல எங்க சந்தை கூடுமோ அந்த பேரையே நாளுக்கும் வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல செவ்வாய்ச் சந்தை புதன் சந்தைன்னு கிழமைய வெச்சு சந்தைக்கு பேரு, அங்க சந்தைய வெச்சு கிழமைக்கு பேரு. இப்ப இயூடூ தினமும் தொறந்திருக்கும், இருந்தாலும் அந்த எட்டு நாளைக்கு ஒரு தடவை வர்ற பெரிய சந்தை நாள்ல கூட்டமும் சரக்கும் தனி. தங்கற எடத்துல "பெரிய சந்தை நாள் என்னைக்கு"ன்னு கேட்டுக்கிட்டு பிளான் போடுங்க.

ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க. நான் மொத தடவை போனப்ப இது தெரியாம ஞாயித்துக்கிழமை காலையில ஆசையா கெளம்பி போனேன், சந்து சந்தா எல்லா கடையும் சாத்தி கெடந்துச்சு, மறுநாள் காலையில எனக்கு கவுஹாத்தில ஃப்ளைட், அந்த தடவை சந்தைய பாக்காமயே திரும்பி வந்தேன். அங்க பெரும்பாலானவங்க கிறிஸ்தவங்க, ஞாயிறுன்னா சர்ச், குடும்பம், ஓய்வு. அந்த நாள சிரபுஞ்சிக்கோ உமியம் ஏரிக்கோ வெச்சுக்கோங்க. சிரபுஞ்சிய அங்க சோரான்னு தான் சொல்லுவாங்க.

போறதுக்கு வழி: ஷில்லாங்குக்கு ரயில் கிடையாது. சென்னையில இருந்து கவுஹாத்திக்கு ஃப்ளைட்ல போகலாம், ரயில்னா கன்னியாகுமரில இருந்து திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் வழியா கவுஹாத்திக்கு போகுது, ரெண்டு ராத்திரிக்கு மேல ஆகும், பொறுமை இருக்கறவங்களுக்கு அது ஒரு தனி அனுபவம். கவுஹாத்தில இருந்து ஷில்லாங் ஒரு 100 கிலோமீட்டர், ரோடு நல்ல ரோடு, மூணு மணி நேரம் வெச்சுக்கோங்க, ஊருக்குள்ள நுழையறப்ப டிராஃபிக்ல மாட்டினா இன்னும் கூட ஆகும். ஸ்டேஷனுக்கு வெளிய பல்டன் பஜார் பக்கம் ஷேர் சுமோ கெடைக்கும், ஆள் நெறஞ்சா எடுப்பாங்க. வழியில நோங்போல வண்டிய நிறுத்துவாங்க, சீசனா இருந்தா அங்க அன்னாசி கண்டிப்பா சாப்பிடுங்க. நாகாலாந்து, மிசோரம், அருணாச்சல், மணிப்பூர் போறதுக்கு இன்னர் லைன் பெர்மிட் வாங்கணும், மேகாலயாவுக்கு நமக்கு அந்த பெர்மிட் தேவையில்ல.

போலீஸ் பஜார் சுத்துவட்டாரத்துல ரூம் போட்டா அங்கேருந்து நடந்தே போயிடலாம். மோட்ஃப்ரான் எங்கன்னு கேளுங்க, சின்ன புள்ள கூட காட்டும். அது ஒரு நினைவுச்சின்னம், முதல் உலகப்போர் சமயத்துல இந்த மலைல இருந்து பிரான்ஸுக்கு வேலைக்கு கூட்டிட்டு போன காஸி ஆளுங்களுக்காக வெச்சது, பேருக்கு அர்த்தமே பிரான்ஸ் கல்லுன்னு தான். எல்லாரும் அத சுத்தி பஸ் டாக்ஸி பிடிக்க ஓடிட்டு இருப்பாங்க, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, இந்த மழை மலைல பொறந்தவன் அவ்ளோ தூரம் கப்பல்ல போயி யாரோ நடத்துன போருக்கு மண்ணு சுமந்திருக்கான். அங்கேருந்து சந்துக்குள்ள எறங்கினா சந்தை.

காலையில ஒரு எட்டு எட்டரைக்கு உள்ள இருந்துடுங்க. அங்க சூரியன் நம்ம ஊர விட சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிடும், டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும், அதனால மத்தியானம் சாப்பிட்டு போய்க்கலாம்னு நெனைக்காதீங்க. கால்ல நல்ல கிரிப் இருக்கற ஷூ போடுங்க, சந்தை மேடும் பள்ளமுமா படிக்கட்டுமா இருக்கும், இறைச்சிக் கடை பக்கம் தரை எப்பவும் ஈரம். சந்து ரொம்ப குறுகல், மூட்டை தூக்கறவங்க சத்தம் குடுத்துட்டே வருவாங்க, சத்தம் கேட்ட உடனே செவுத்தோரமா ஒதுங்கிடணும், நடுவுல நின்னு போட்டோ எடுக்கக்கூடாது. அவங்க முதுகுல இருக்கற கூம்பு மாதிரி மூங்கில் கூடைக்கு பேரு கோ, அதோட பட்டைய நெத்தியில மாட்டி கழுத்து பலத்துலயே அவ்ளோ எடையும் தூக்குவாங்க, படி ஏறறப்ப அவங்க கழுத்து நரம்ப பாத்தா நமக்கு வழி விட தானா தோணும்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த சந்தைல வியாபாரம் பண்றவங்கள்ல நெறைய பேரு பொம்பளைங்க. காஸி மக்கள் தாய்வழி சமூகம், புள்ளைங்களுக்கு அம்மா குல பேரு தான், குடும்பச் சொத்தும் வீடும் கடைசி பொண்ணுக்கு போகும், அந்த பொண்ண காட்டூன்னு சொல்லுவாங்க, சொத்தோட சேத்து அம்மா அப்பாவ பாத்துக்கற பொறுப்பும் அவளுக்கு தான். கடையும் அப்படி அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்குன்னு வர்றது சகஜம். அதனால கடைக்காரம்மாவ மேடம்னு கூப்பிடாதீங்க, கோங்னு கூப்பிடுங்க. நம்ம அக்கா தான் அது, வயசுல சின்னவங்களா இருந்தாலும் மரியாதைக்கு கோங் தான். ஆம்பளைங்களுக்கு பா. நன்றி, வணக்கம் ரெண்டுக்கும் குப்ளே. எவ்ளோன்னு கேக்க கட்னோ. இந்த நாலு வார்த்தை போதும், மீதி ஹிந்தியும் இங்கிலீஷும் கை விரலும் பாத்துக்கும். நான் "கோங், கட்னோ"ன்னு ஆரஞ்சு கடைல கேட்டதும் அந்தம்மா சிரிச்சுக்கிட்டே காஸில கடகடன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா ரெண்டு பழம் சேத்து போட்டாங்க.

பேரம் பேசறத கம்மி பண்ணிக்கோங்க. டிரெஸ், ஷூ, ஜாக்கெட் கடைங்கள்ல பேசலாம். ஆனா தரையில சாக்க விரிச்சு நாலு கட்டு கீரை, ஒரு கூறு கெழங்கு வெச்சிருக்கறவங்ககிட்ட அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீங்க, அவங்க விடியறதுக்கு முன்னாடி கிராமத்துல இருந்து வண்டி பிடிச்சு வந்திருப்பாங்க. பத்து இருபது ரூபா நோட்டா நெறைய வெச்சுக்கோங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேமராவ காட்டி கேளுங்க, வேணாம்னு தலையாட்டினா விட்டுடுங்க, மொதல்ல எதாச்சும் வாங்கிட்டு அப்புறம் கேட்டா பெரும்பாலும் சரின்னுவாங்க. அவங்க வேலை செய்யற எடத்துக்குள்ள நாம போயிருக்கோம்ங்கறத மனசுல வெச்சுக்கிட்டா போதும்.

இந்த சந்தைல நமக்கு ரொம்ப நெருக்கமான பொருள் ஒண்ணு இருக்கு, வெத்தலை பாக்கு. அங்க க்வாய்னு சொல்லுவாங்க. பாக்கு, வெத்தலை, சுண்ணாம்பு, அதே மூணு தான், சுண்ணாம்புக்கு அவங்க வார்த்தை ஷுன், கேட்டப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு. ஆனா பாக்கு நம்ம கொட்டப்பாக்கு மாதிரி காஞ்சது இல்ல, ஊறப்போட்டு ஈரமா மெதுமெதுன்னு இருக்கும், வாசனை தூக்கும். மொத தடவை மென்னப்ப அரை நிமிஷத்துல காது மடல் சூடாகி, நெத்தி வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சுது, ஜனவரி குளிர்ல ஜாக்கெட்ட கழட்டிட்டேன். பக்கத்துல இருந்த கோங் தண்ணி குடுத்து உக்கார வெச்சாங்க. அதனால மொதல்ல பாதி பாதியா, உக்காந்துக்கிட்டு, வயித்துல எதாச்சும் இருக்கறப்ப மெல்லுங்க. தொடர்ந்து மெல்லறது வாய்க்கு நல்லதில்ல, புத்துநோய் வர்ற அளவுக்கு ஆபத்து, ருசி பாக்கறதோட நிறுத்திக்கோங்க.

க்வாய்க்கு ஒரு கதை சொல்லுவாங்க. ஒரு ஏழை புருஷன் பொண்டாட்டி, அவங்களுக்கு ஒரு பணக்கார நண்பன். அவன் வீட்டுக்கு வந்தப்ப குடுக்க ஒரு பிடி அரிசி கூட இல்ல, அந்த அவமானத்துல ரெண்டு பேரும் செத்துப் போறாங்க, அத பாத்து நண்பனும் செத்துப் போறான். அவங்க தான் பாக்கு, வெத்தலை, சுண்ணாம்பா ஆனாங்களாம், இனிமே எந்த ஏழை வீட்டுலயும் விருந்தாளிக்கு குடுக்க ஒண்ணும் இல்லங்கற நெலமை வரக்கூடாதுன்னு. இன்னைக்கும் யாரு வீட்டுக்கு போனாலும் மொதல்ல நீட்டறது க்வாய் தான். ஒருத்தர் எறந்துட்டாருன்னு சொல்றதுக்கு கூட, கடவுள் வீட்டுல க்வாய் சாப்பிடறாருன்னு தான் சொல்லுவாங்க. தாம்பூலம் வெச்சு அழைக்கற ஊர்ல இருந்து போற நமக்கு இது சட்டுனு புரியும்.

சாப்பாடு: சந்தைக்குள்ளயே சின்ன சின்ன ஜாடோ கடைங்க இருக்கும், ஒரு பெஞ்சு, ஒரு மேசை, அலுமினிய பாத்திரங்க வரிசையா. ஜான்னா சோறு, டோன்னா கறி, ஜாடோன்னா கறிசோறு. மஞ்ச கலர்ல பன்னிக்கறி போட்டு ஆக்குவாங்க, சில கடைல ரத்தமும் சேப்பாங்க, வேணாம்னா முன்னாடியே கேட்டுக்கோங்க. டோனெய்யோங்னு கருப்பு எள்ளு அரைச்சு போட்ட பன்னிக்கறி கொழம்பு ஒண்ணு இருக்கு, நம்ம எள்ளுப்பொடி வாசனையோட கொழம்பு வந்தா எப்படி இருக்கும், அப்படி. துங்டாப்னு கருவாட்டு சட்னி, கருவாடு பிடிக்கும்னா விடாதீங்க. துங்ரிம்பாய் புளிக்க வெச்ச சோயா, வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும், முகம் சுளிக்காம ஒரு வாய் வெச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. டோ ஸ்னியாங்னா பன்னி, டோ மாசின்னா மாடு, டோ சியார்னா கோழி, டோகான்னா மீனு. சுத்த சைவம்னா இந்த கடைங்கள்ல கஷ்டம், காய்கறிலயும் சில சமயம் கறிக்கொழுப்பு இருக்கும், போலீஸ் பஜார் பக்கம் சைவ ஓட்டல் இருக்கு, சந்தைல டீயும் புத்தாரோன்னு ஒரு அரிசி ரொட்டியும் சாப்பிட்டுக்கோங்க, வெள்ளையா மெத்துனு நம்ம ஆப்பத்துக்கு தங்கச்சி மாதிரி.

வாங்கறதுக்கு நான் சொல்றது நாலஞ்சு தான். லகாடோங் மஞ்சள், ஜெயின்டியா மலைல வெளையறது, 2024ல புவிசார் குறியீடு கெடைச்சது, மஞ்சளுக்கு நெறம் குடுக்கற குர்குமின் ஏழு சதவீதத்துக்கு மேல இருக்கும், ஈரோடு மஞ்சள் பாத்து வளந்த கண்ணுக்கே அந்த நெறம் ஆச்சரியமா இருக்கும், கொழம்புக்கு வழக்கமா போடறதுல பாதி போதும். பொடியா வாங்கறத விட காஞ்ச துண்டா வாங்கி இங்க வந்து அரைச்சுக்கோங்க. நவம்பர்ல இருந்து ஜனவரிக்குள்ள போனா காஸி ஆரஞ்சு. சோஃப்ளாங்னு ஒரு சின்ன கெழங்கு கட்டு கட்டா வெச்சிருப்பாங்க, நகத்தால தோல கீறி இழுத்தா பட்டு மாதிரி உரிஞ்சு வரும், உள்ள வெள்ளையா, பச்சையாவே கடிச்சு சாப்பிடலாம், வறுக்காத வேர்க்கடலை ருசி. பிரியாணி இலை நல்ல வாசனையா கெடைக்கும். லார்னாய் கருப்பு மண்பாத்திரம் கண்ல பட்டா எடுத்துக்கோங்க, சக்கரமே இல்லாம கையால செய்யறது. மாசி பங்குனி வாக்குல போனா கட்டு கட்டா தொடப்பப் புல்லு வந்து எறங்கும், நம்ம வீட்டுல கூட்டற பூந்தொடப்பத்துக்கான புல்லு இந்த மலைல தான் ஏகமா வெளையுது.

மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை விடாது, அப்ப போனீங்கன்னா சந்துல சேறு இருக்கும், ஆனா ப்ளம்ஸும் மத்த மலைப்பழங்களும் அப்ப தான், மொத தடவைன்னா அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லது, ஜனவரி குளிர் கடுமையா இருக்கும்.

மூங்கில் கடை வரிசைல க்னுப் தொங்கும், ஆமை ஓடு மாதிரி தலைல இருந்து முதுகு வரைக்கும் மூடற மழை மறைப்பு, வயல்ல குனிஞ்சு ரெண்டு கையாலயும் வேலை செய்யறவங்களுக்காக செஞ்சது. பாத்த உடனே வாங்கத் தோணும், ஆனா ஃப்ளைட்ல எடம் கெடைக்காது, குட்டி சைஸ்ல செஞ்சது இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பக்கத்துலயே அருவா கத்தி கடை, கத்தி வாங்கினா செக்-இன் பேகேஜ்ல தான் போடணும். ரயில்ல வர்றவங்க பெரிய கோ கூடையே வாங்கி, உள்ள ஆரஞ்ச நெரப்பி, மேல சாக்கு போட்டு கட்டிக் குடுங்கன்னு அந்த கடைக்கார பாகிட்டயே சொன்னா, வாழநார் மாதிரி மூங்கில் நாரு ஒண்ணு உரிச்சு இறுக்கி முடிச்சு போட்டுக் குடுப்பாரு.