தூர்வாரும் டெண்டரில் வருஷா வருஷம் நடக்கும் தவறுகள்

ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும், ஜனவரி 28-இல் மூடும். அணையில் தண்ணீர் இருக்கிற வருஷங்களில் இதுதான் வழக்கம். காவிரி டெல்டாவில் இந்த இரண்டு தேதியையும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூடியதிலிருந்து மறுபடி திறப்பதற்குள் தூர்வாரக் கிடைப்பது நான்கரை மாதம். ஆனாலும் பல வாய்க்கால்களில் பொக்லைன் இறங்குவது ஏப்ரல் கடைசியில், இல்லாவிட்டால் மே மாதத்தில். அப்புறம் ‘டெண்டர் விதிகளைத் தளர்த்தினால்தான் வேலை நடக்கும்’ என்று ஒரு பேச்சு கிளம்பும்.

விதியில் அப்படி என்ன இருக்கிறது? 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்காக 2000-இல் வகுத்த விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு, ஒப்பந்ததாரர்கள் விலை போடக் குறைந்தது 15 நாள் அவகாசம் கேட்கின்றன. அதற்கு மேல் போனால் 30 நாள். நான்கரை மாதத்தில் ஒரு மாதம், அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் மதிப்பீடு தயாரிப்பதிலும், நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருப்பதிலும், ஒப்புதல் கோப்பு மேலே போய்க் கீழே வருவதிலும் கரைகிறது. அடைப்பு அங்கே இருக்கும்போது டெண்டர் அவகாசத்தில் கை வைத்தால், வெளியூர் ஒப்பந்ததாரருக்கு விவரம் போய்ச் சேர்வதற்குள் பெட்டி மூடிவிடும். முன்பே தெரிந்தவர்கள் மட்டும் தயாராக நிற்பார்கள்.

அவசரம் என்ற சொல்லையும் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அவகாசத்தைக் குறைக்க விதியிலேயே வழி உண்டு. மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் மதகுகள் உடைந்து போனதே, அது அவசரம். ஜூன் 12 வருவது அவசரமா? அது காலண்டர்.

அந்தக் காலண்டரையும் முழுசாக நம்பக்கூடாது என்பதற்கு 2022 ஓர் உதாரணம். அந்த வருஷம் 80 கோடி ரூபாயில் சுமார் 4,964 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிறப்புத் தூர்வாரும் பணி அறிவித்தார்கள். வேலையை மே மாதத்துக்குள் முடிப்பதாகத் திட்டம். அணையில் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். குறுவை நெல்லுக்கு நல்ல சேதிதான். மே 31-ஐக் கணக்குப் போட்டு வேலை எடுத்தவர்களுக்குத்தான் கஷ்டம். கடைசி வாரம் வரை இழுக்கிற மாதிரி வேலை உத்தரவு கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத் தெரிந்தது. கூடவே ஒரு சின்னக் கணக்கு: 80 கோடியை அந்த நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 1 லட்சத்து 61 ஆயிரம் ரூபாய். ஆறும் வாய்க்காலும் வடிகாலும் சேர்ந்த சராசரி இது. இதில் எவ்வளவு ஆழம் வெட்ட முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு எழுதும் காலத்தையே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. வறண்ட வாய்க்காலில் இறங்கிப் பார்த்தால் மண் மட்டும்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கரையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த வளைவில் தேங்குகிறது, எந்தக் குழாய்ப் பாலத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எந்த வடிகால் எதிர்த்து ஏறுகிறது என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கரையைக் காக்கும் லஸ்கரையும் வாய்க்கால் முடிகிற கடைமடையின் விவசாயி ஒருவரையும் கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது. அப்போது எடுத்த குறிப்பை வைத்து மார்கழிக்குள் மதிப்பீடு முடித்தால், மேட்டூர் மூடும்போது டெண்டருக்குத் தயாராக இருக்கலாம். போன வருஷ மதிப்பீட்டில் தேதியை மாற்றி அனுப்புவது வேகமான வேலைதான், ஆனால் போன வருஷ மண்ணையே இந்த வருஷமும் அள்ள வைக்கும்.

அடுத்தது, வேலையை எப்படிப் பிரிப்பது என்பது. மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் அவர் துண்டு போட்டு உள்ஒப்பந்தம் விடுவார். துண்டு துண்டாகக் கொடுத்தால், 2 கோடிக்குள் அடக்கப் பிரித்தார்களோ என்ற சந்தேகம் ஒரு பக்கம், கையெழுத்துப் போட்டே உதவிப் பொறியாளரின் நாள் போவது இன்னொரு பக்கம். பணத்தை வைத்துப் பிரிக்காமல் தண்ணீர் போகிற பாதையை வைத்துப் பிரிக்க வேண்டும்: தலைமதகிலிருந்து கடைமடை வரை ஒரு தொகுப்பு, அதோடு சேர்ந்த வடிகாலும் அதிலேயே. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் வெண்ணாறு உபவடிநிலத்தில் எடுத்த பணி ஓரளவு இப்படி யோசித்த ஒன்று. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகிய ஆறுகளோடு வளவனாறு வடிகாலையும் வேதாரண்யம் கால்வாயையும் ஒரே திட்டத்தில் சேர்த்தார்கள். தூர்வாரும் பணியிலோ பெரிய வாய்க்கால்களை நீர்வளத்துறை பார்க்கும், கடைசியில் வயலுக்குப் போகிற சி, டி வாய்க்கால்களை வேளாண்மைப் பொறியியல் துறை எடுக்கும். இரண்டு துறையின் வேலை உத்தரவும் ஒரே வாரத்தில் வராவிட்டால், மேலே வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், கீழே வயல் காயும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை அளவெடுப்பதில் இருக்கிறது. தூர்வாரும் வேலையின் விசேஷமே, தண்ணீர் வந்ததும் சாட்சி மறைந்துவிடும் என்பதுதான். ரோடு போட்டால் தோண்டிப் பார்க்கலாம்; ஐந்தடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் எத்தனை அடி வெட்டினார்கள் என்று யார் சொல்வது? அதனால் இயந்திரம் இறங்குவதற்கு முன்பே குறுக்குவெட்டு மட்டங்களை (வாய்க்காலின் அகலத்தில் அங்கங்கே அடிமண் எவ்வளவு உயரம் என்ற அளவை) எடுத்து, விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு நகல் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் ஓடிய பிறகு ‘முன் மட்டம்’ எடுத்தால் எம்-புக்கில், அதாவது பில்லுக்கு ஆதாரமான அளவுப் புத்தகத்தில், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஓரத்துப் புல்லைச் சீவி, காட்டாமணக்கைப் பிடுங்கி, கரைச் சரிவை மண்வெட்டியால் தட்டிவிட்டால் போட்டோவில் வாய்க்கால் புதுசு போலத்தான் இருக்கும். அடிமண் அப்படியே இருக்கும். அள்ளிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போவதும் உண்டு. ஐப்பசி மழையில் பாதி திரும்ப உள்ளே இறங்கிவிடும். மண்ணை எங்கே, எவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. கன அளவுக்குப் பணம் என்றால் ஆழமாக வெட்டத் தோன்றும். டெல்டாவில் சரிவு மிகக் குறைவு. கிளை மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பெரிய வாய்க்காலை வெட்டிவிட்டால், தண்ணீர் அதிகம் ஓடினாலும் மதகுக்குள் ஏறாது. விவசாயி மோட்டார் வைத்து இறைக்க வேண்டிவரும்.

டெண்டரே வேண்டாம், பாசனச் சங்கமே செய்யட்டும் என்ற வழியும் இருக்கிறது. ஊராரே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கிற பழைய முறையான குடிமராமத்தை 2017-இல் மறுபடி தொடங்கியபோது, விவசாயிகள் 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். சங்கம் உயிரோடு இருக்கிற ஊரில் இது நல்ல ஏற்பாடு. லெட்டர்பேடில் மட்டும் சங்கம் இருக்கிற ஊரில், பழைய ஒப்பந்ததாரரே சங்கத்தின் பெயரில் வருவார்.

பில் தாமதத்தைப் பற்றி ஒரு வரி: பணம் எப்போது வரும் என்று தெரியாத சின்ன ஒப்பந்ததாரர் அந்த வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவார், இல்லையென்றால் ஆழத்தில் பிடித்துக்கொள்வார்.

வேலை நடக்கும் இடத்தில் ஒரு பலகை வைப்பார்கள். மதிப்பீட்டுத் தொகை, நீளம் எல்லாம் இருக்கும். சராசரி வெட்டு ஆழம் எவ்வளவு, மண் எங்கே போகிறது என்ற இரண்டும் அதில் இருக்கிறதா என்று அடுத்த தடவை நின்று பாருங்கள். இல்லையென்றால் பொக்லைன் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள், தண்ணீர் வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.