பெயின்ட் அடித்தே வரும் ஃபெராரி ஜிடிஓவைப் பூட்டும் முறை

இது நாமே பாகங்களைப் பூட்டிச் செய்யும் பொம்மைக் கார். பெட்டியைத் திறந்ததும் சிவப்பு உலோகக் கூடு பளபளவென்று தயாராக இருக்கும். ஸ்ப்ரே வேலை கிடையாது என்பதால் ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்று பலர் உட்காருகிறார்கள். அந்த பெயின்டில் கீறல் விழாமல் கடைசி ஸ்க்ரூ வரை கொண்டுபோவதுதான் இதில் முக்கால்வாசி வேலை. நான் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். கீழே வரும் கருவிகளெல்லாம் அந்த மேஜையில் கிடப்பவை.

கிட், புராகோ கம்பெனியின் 1/18 அளவு (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு) 1962 ஃபெராரி 250 ஜிடிஓ. பூட்டி முடித்தால் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூட வரும். அந்த இத்தாலியக் கம்பெனி 2005-இல் நொடித்து, பெயர் மைஸ்டோ என்ற இன்னொரு பொம்மைக் கார் பிராண்டின் தாய்க் கம்பெனி கைக்குப் போய்விட்டது. வேறு கம்பெனியின் கிட் என்றாலும் முறை ஏறக்குறைய இதேதான்.

மேஜையில் பழைய பனியன் துணியை இரண்டாக மடித்து விரியுங்கள். பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டே வரும்; அதிலிருந்து அவற்றை நக வெட்டியால் கொஞ்சம் தள்ளியே வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள்.

இனி ஸ்க்ரூ. கூடு துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஓட்டையில் பெரும்பாலும் மரை இருக்காது, ஸ்க்ரூதான் வெட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் கூட்டை மாட்டுவதற்கு முன்பே வெறும் ஓட்டையில் ஒருமுறை மரை போட்டுவிடுங்கள். ஸ்க்ரூ நுனியில் மெழுகுவத்தியைத் தேய்த்து, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று போக வேண்டும். தூள் வந்தால் ஊதிவிடுங்கள். இறுகினால் மல்லுக்கட்டாதீர்கள், தலை உடைந்து உள்ளே நின்றுவிட்டால் எடுப்பது பெரும்பாடு. கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டிக்' என்று சின்னதாக ஒரு இறக்கம் கைக்குத் தெரியும். அதுதான் பழைய மரை, அங்கிருந்து முடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு இரண்டு விரல் பலமே அதிகம். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரே திசையில் நாலைந்து முறை இழுத்தால் ஸ்க்ரூ கீழே விழாது.

கதவு திறக்கச் சிரமப்பட்டால் கீலின் உள்பக்கம் பெயின்ட் தடித்திருக்கும். அங்கே மட்டும் பிளேடு நுனியால் சுரண்டுங்கள். வெளி விளிம்பில் அரம் படவே கூடாது.

குரோம் பாகத்தில் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். விளக்குக் கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும். ஃபெவிகால் போதும். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், வழிந்தாலும் ஈரத்துணியில் போய்விடும். டயர் சக்கரத்தில் ஏறவில்லையா, சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போடுங்கள்.

அப்புறம் எனக்குப் பிடித்த இடம், இன்ஜின். பெயரில் உள்ள 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, சிசி கணக்கில். பன்னிரண்டு சிலிண்டர், ஆக மூன்று லிட்டர். கிட்டில் பிளக் ஒயர் இல்லாவிட்டால் நாமே போடலாம். நிஜ ஒயரின் தடிமனைப் பதினெட்டால் வகுத்தால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் கம்பியே சரியாக இருக்கும். கறுப்பு மார்க்கரால் பூசி, பன்னிரண்டு துண்டு வெட்டி, ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) ஆறு வீதம் இரண்டுக்கும் பிரித்து வளைத்து ஒட்டுங்கள். பானெட்டை மூடிப் பார்த்து உயரத்தைச் சரிசெய்துகொண்டே போங்கள். இன்ஜினைச் சேஸியில், அதாவது காரின் அடிச்சட்டத்தில், வைப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். பிறகு விரல் நுழையாது.

கதவில் ஒட்டும் ரேஸ் நம்பர் கடைசியில். 19 போட்டால், பிரான்சின் லெ மான் 24 மணி நேர ரேஸில் 1962-இல் ஓடிய வண்டி. நோப்ளேவும் கிஷேவும் ஓட்டி மொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து நழுவி வரும் டெக்கால் என்றால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரைக் கதவில் தடவி, அதன்மேல் நகர்த்தி இடம் பார்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பஞ்சால் ஒற்றுங்கள். ஸ்டிக்கர் என்றாலும் அதே சோப்புத் தண்ணீர்தான்; நேராக ஒட்டினால் ஒரே வாய்ப்பு, கோணலாகி உரித்தால் பெயின்டும் கூடவே வரலாம்.