சிறிய கணினியா, பெரிய மடிக்கணினியா? கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்துவிட்டால், யாழ்ப்பாணத்து வீடுகளில் அடுத்த பேச்சு மடிக்கணினியைப் பற்றித்தான். தூக்க இலகுவான சின்னதா, எல்லாம் உள்ள பெரியதா? இதற்குக் கடையில் நின்று விடை தேடினால், அன்றைக்குக் கடைக்காரரிடம் எது மிஞ்சிக் கிடக்கிறதோ அதுவே விடையாகிவிடும். பாதி வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

படி 1: எந்தச் "சிறியது" என்று பிரித்துப் பாருங்கள்

சிறியவை என்று காட்டப்படுபவற்றில் இரண்டு இனம் உண்டு. 11.6 அங்குலத் திரை, செலரோன் அல்லது என்100 போன்ற வலுக்குறைந்த சிப் (கணினியின் மூளை), 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), 64 அல்லது 128 ஜிபி சேமிப்பகம் (கோப்புகள் நிலையாக இருக்கும் இடம்) என்று வருவது மலிவான இனம். 13 அல்லது 14 அங்குலத் திரையும் கோர் ஐ5, ரைசன் 5 தரத்துச் சிப்பும் கொண்டது விலை கூடிய இனம். கையில் தூக்கிப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. நாலு கோப்புகளை ஒன்றாகத் திறந்தால் தெரிந்துவிடும்.

மலிவான இனத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. 2007 இல் அசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் ஈ பிசியை வெளியிட்டது. நெட்புக் என்ற பெயரில் மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2010 இல் ஐபேட் வந்த பிறகு அந்த மோகம் தணிந்து, சில ஆண்டுகளில் பெயரே மறைந்தது. ஆனால் வலுக்குறைந்த சிப்பைச் சிறிய உடலில் வைத்து விற்பது மட்டும் நிற்கவில்லை.

படி 2: உங்கள் வாரத்தைத் தாளில் எழுதுங்கள்

எத்தனை நாள், எவ்வளவு நேரம் அது தோளில் தொங்கப்போகிறது? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்து போகிறவருக்கும், பருத்தித்துறை பஸ்ஸில் நின்றபடியே தினமும் வருகிறவருக்கும் ஒரே விடை பொருந்தாது. நெடுந்தீவுக்காரர் படகில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். 15.6 அங்குல மடிக்கணினி பெரும்பாலும் 1.6 முதல் 2 கிலோ வரை இருக்கும். சார்ஜரின் எடை வேறு. தண்ணீர்ப் போத்தலும் குடையும் அதே பையில்தான் போக வேண்டும்.

எடையைப் போலவே அகலமும் முக்கியம். 15.6 அங்குலக் கணினி ஏறத்தாழ 36 செ.மீ. அகலம். கதிரையின் கையோடு பொருத்திய சிறு பலகையில் அதை வைத்தால் ஒரு பக்கம் அந்தரத்தில் நிற்கும்; குறிப்பெடுக்கக் கொப்பிக்கு இடமே இராது. 11.6 அங்குலக் கணினியோ ஏ4 தாளின் அளவுதான். ஒரு ஏ4 தாளை நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

படி 3: செய்யப்போகும் வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"படிப்புக்கு" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. வேர்ட், சூம் வகுப்பு, பிடிஎஃப் வாசிப்பு, காணொளி ஆகியவை மட்டுமென்றால் சிறியதே போதும். எக்செலில் நீண்ட அட்டவணைகளோடு மாரடிப்பவருக்குப் பெரிய திரையும், வலப்பக்கத்தில் தனியாக இருக்கும் எண் விசைகளும் வேண்டும். சிறியவற்றில் அந்த விசைகள் இருப்பதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கப் போகிறவர் ஒட்டோகாட் போன்ற வரைபட மென்பொருள்களை இயக்க வேண்டிவரும். அவருக்கு 16 ஜிபி ரேமுக்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன். மலிவான சிறிய இனத்தை அவர் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

சேமிப்பகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 64 ஜிபி சேமிப்பகமும் 4 ஜிபி ரேமும்தான். அதாவது அந்த அளவோடு வரும் கணினி, உங்கள் கோப்பு ஒன்றுகூட ஏறுமுன்பே வரம்பில் நிற்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் இடமில்லை என்று அடம்பிடிக்கும். மலிவான சிறிய கணினிகளில் ரேமும் சேமிப்பகமும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருவதால், பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் பலிக்காது.

என்னைக் கேட்டால், இன்னமும் தீர்மானிக்க முடியாதவர்கள் 14 அங்குலம், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம். வீட்டில் பழைய மொனிட்டரோ தொலைக்காட்சியோ இருந்தால் எச்டிஎம்ஐ வயரால் இணைத்துவிடுங்கள். சிறியதை வாங்கியும் பெரிய திரையில் வேலை செய்யலாம்.

படி 4: மின்சாரத்தையும் வெக்கையையும் கணக்கில் எடுங்கள்

2022 இன் மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க முடியாது. சிறியது என்பதற்காக அது நீண்ட நேரம் தாங்கும் என்று நினைக்காதீர்கள். உடல் சிறுத்தால் பற்றரியும் சிறுக்கும். விபரத்தாளில் பற்றரியின் வாட்-மணி அளவை, அதாவது அது எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்பதைப் பாருங்கள். யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். ஏறுமானால், தகுந்த வலுவுள்ள பவர் பாங்க் அவசரத்துக்கு உதவும். விசிறியில்லாத சிறிய கணினிகள் சத்தமின்றி இயங்கும், நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் சூடேறினால் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும்.

படி 5: வெளிநாட்டிலிருந்து வருவதானால் முன்பே பேசுங்கள்

பிரான்சிலுள்ள சித்தப்பா வாங்கி அனுப்பும் கணினியில் மேல்வரிசை விசைகள் ஏ, இசட் என்று தொடங்கும். ஜெர்மனியிலிருந்து வருவதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் விசையின் மேல் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. புதிதாகத் தட்டச்சுப் பழகுகிறவருக்கு அது வீண் தலையிடி. கனடாவிலிருந்து மலிவாக ஒரு குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் இயங்கும் மடிக்கணினி) வருகிறதென்றால், விண்டோஸ் மென்பொருள்கள் அதில் நேரடியாக இயங்காது என்பதை நினைவில் வையுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளோடு வேலை செய்பவர்களுக்கும் அது சரிவராது. உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதையும் அவர்கள் காசு கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். பரிசு வந்து சேர்ந்த பிறகு குறை சொன்னால் சித்தப்பாவுக்கும் மனவருத்தம்.

படி 6: கடையில்

கணினியை இயக்கச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தெரிவுசெய்தால், ரேம் எவ்வளவு என்பது தெரியும். சிப்பின் பெயர் சிபியு என்பதன் கீழே இருக்கும். விலைச்சீட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். சிறிய விசைப்பலகையில் விரல்கள் ஒன்றையொன்று இடிக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். 1366 × 768 புள்ளித் திரையையும் 1920 × 1080 திரையையும் பக்கத்தில் வைத்து ஒரே பிடிஎஃப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, எழுத்து எதில் தெளிவு என்று பாருங்கள்.

தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். பழுதானால் திருத்துவது யாழ்ப்பாணத்திலா, கொழும்புக்கு அனுப்பியா, அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்.