வட்டி கம்மியா இருக்கறப்ப 40 வருஷ அரசு பத்திரம் வாங்கறவங்க பண்ற தப்பு

2025 பிப்ரவரில ஆரம்பிச்சு ஜூனுக்குள்ள ரிசர்வ் வங்கி ரிப்போவை (பேங்குகளுக்கு அது கடன் குடுக்கற வட்டி) 6.50%-லேருந்து 5.50%-க்கு இறக்குச்சு, அப்போலேருந்து ஆபீஸ் பசங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து நிக்கறாங்க. "அண்ணே, எஃப்டி வட்டி படுத்துடுச்சு, 40 வருஷ கவர்மென்ட் பத்திரம் அதைவிட கூட தருது, கவர்மென்ட் என்ன ஓடியா போகப்போகுது?" 2021 டிசம்பர்ல நான் பேசுனது அப்படியே. கேஒய்சி, அக்கவுண்ட் திறக்கறது இதெல்லாம் சொல்லப்போறதில்ல, அதுல யாரும் காசு விடல.

"மெச்சூரிட்டி வரை வச்சிருந்தா நஷ்டமே இல்ல"

இந்த வரியைக் கேட்டா இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். அப்போ ரிப்போ 4%, நம்மள மாதிரி ஆளுங்க நேரா அரசு பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கி வச்ச ரீடெயில் டைரக்ட் தளம் தொறந்து ஒரு மாசம்தான் ஆகுது. அப்பா மாடி எடுக்கறதுக்கு வச்சிருந்த 5 லட்சத்தை வாங்கி 2061-ல முடியற 6.95% பத்திரத்துல போட்டேன். தெரிஞ்ச ஒருத்தர் மேல சொன்ன வரியை சொன்னார், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். மெச்சூரிட்டி அன்னிக்கு அப்பாவுக்கு 104 வயசுன்னு எனக்கு உறைக்கவே இல்ல.

2022 மே 4, யாரும் எதிர்பார்க்காத நாள்ல ரிப்போ 4.40 ஆச்சு, ஜூன்ல 4.90. மேஸ்திரி அட்வான்ஸ் கேட்டு நிக்கறார், விக்கலாம்னு திரையைத் தொறந்தா 100 ரூபாய்க்கு வாங்குனது 90 சொச்சம். அரை வருஷ வட்டி 17,375 வந்துச்சு, அசல்ல கிட்டத்தட்ட 47,000 போச்சு. கவர்மென்ட் ஒரு பைசா பாக்கி வைக்கல, நான்தான் காசு தேவைப்படற தேதியை பார்க்காம வாங்கிட்டேன்.

கணக்கு இதான். புதுசா வர்ற பத்திரம் கூட வட்டி தந்தா, பழசை விலை குறைச்சாதான் வாங்குவாங்க. 6.5% கூப்பன்ல (பத்திரம் வருஷா வருஷம் தர்ற வட்டி) 100 ரூபாய்க்கு வாங்குன பத்திரம், மார்க்கெட் வட்டி 7.5% ஆனா 2 வருஷ பத்திரம்னா விலை 2 ரூபா இறங்கும், 10 வருஷம்னா 7, 40 வருஷம்னா கிட்டத்தட்ட 13. அந்த 13-ஐ கூப்பன்ல எடுக்கவே 2 வருஷம் ஆகும். கூப்பன் 10% இருந்த காலத்துல வாங்குனவங்களுக்கு இந்த அடி சீக்கிரம் ஆறிடும், வட்டி கம்மியா இருக்கறப்ப வாங்குனா மெத்தையே இல்லாம விழற மாதிரி.

சரி, விக்காமலே வச்சிருக்கீங்கன்னே வைங்க. 2020-ல வந்த 10 வருஷ பத்திரத்துக்கு கூப்பன் 5.79%. 2023-ல பேங்க் எஃப்டியே 7% குடுக்கறப்ப அதை வாங்குனவர் 2030 வரை 5.79 வாங்கிட்டு உக்காந்திருக்கணும். அதுவும் நஷ்டம்தான், ஸ்டேட்மெண்ட்ல சிவப்புல காட்டாது அவ்ளோதான். 2023 மார்ச்ல அமெரிக்காவுல மூடுன சிலிக்கான் வேலி பேங்க் கையில இருந்ததும் பெரும்பாலும் அரசு பத்திரமும் அரசு ஆதரவு இருக்கற பத்திரமும்தான், வட்டி ஏறி அதோட விலை இறங்கிக் கிடந்தப்ப டெபாசிட் போட்டவங்க எல்லாரும் ஒரே நேரத்துல காசைக் கேட்டதும் கதை முடிஞ்சுது.

கில்ட் ஃபண்டோட போன வருஷ ரிட்டர்னை பார்க்கறது

கில்ட் ஃபண்ட்னா அரசு பத்திரத்துல போடற மியூச்சுவல் ஃபண்ட். ரிட்டர்ன் பெருசா தெரிஞ்சா, வட்டி இறங்குனதால பத்திர விலை ஏறி வந்தது அது. இன்னொரு தடவை அதே அளவு இறங்குமா?

விக்கறப்ப ஆள் இருக்கும்னு நம்பறது

பத்திர மார்க்கெட்ல 5 கோடிக்கு கீழ எல்லாமே ஆட் லாட்தான் (சில்லறை அளவு), நம்ம 5 லட்சத்தை யார் சீண்டுவா? நான் வித்த அன்னிக்கு மார்க்கெட் விலைக்கு கீழ போட்டும் மத்தியானம் வரைக்கும் யாரும் எடுக்கல, டீ குடிச்சிட்டு வந்து இன்னும் 20 பைசா இறக்குனேன், அப்புறம்தான் போச்சு.

வரி

கூப்பனுக்கு உங்க ஸ்லாப்தான்.

அப்போ எதுலதான் போடறதுன்னா

காசு எந்த வருஷம் வேணுமோ அந்த வருஷம் முடியற பத்திரம். அப்பாவோட மிச்ச காசு இப்போ 364 நாள் டி-பில்லுல (ஒரு வருஷத்துக்குள்ள முடியற அரசு கடன் பத்திரம்) கிடக்கு.