போதைப்பொருள் பயன்படுத்துவோரைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெராயின், அபின், ஊசி வழியே ஏற்றிக்கொள்ளப்படும் வலி நிவாரணி மாத்திரைகள் போன்ற கடும் போதைப்பொருள்களை நாட்டில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால், குடும்ப அட்டைக் கணக்கைப்போல எடுத்துக் காட்டப் பதிவேடு எதுவும் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பயன்படுத்துவதையே தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருப்பதால், மறைந்து வாழ்வதே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. மறைந்திருப்பவர்களை நேராக எண்ண முடியாது, மதிப்பிடத்தான் முடியும். கடலூரிலும் புதுச்சேரியிலும் சமூகப்பணியும் பொதுச் சுகாதாரமும் இதழியலும் படிக்கும் மாணவர்கள், மறுவாழ்வு மையங்களுக்குத் திட்ட அறிக்கை எழுதும் தொண்டு நிறுவனத்தார் ஆகியோர் இந்த மதிப்பீடுகளைக் கையாளும்போது திரும்பத் திரும்ப நேரும் பிழைகளை இங்கே விளக்குகிறேன். ஒரு கணக்கெடுப்பு முறையின் கண்ணில் பட்டவர்களையே நாட்டில் உள்ளவர்கள் அனைவரும் என்று கொள்வதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

விகிதத்தைத் தலைகீழாகப் படிப்பதுதான் பெரும் கேடு விளைவித்த பிழை. பஞ்சாபில் போதைப்பொருள் பயன்படுத்தும் 600 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் 16 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று தெரியவந்தது. அந்தச் செய்தி மேடைகளுக்கு வந்து சேர்ந்தபோது, பஞ்சாப் இளைஞர்களில் பத்துக்கு ஏழு பேர் போதைக்கு அடிமை என்று மாறிவிட்டது. பயன்படுத்துவோரில் இளைஞர் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. இளைஞரில் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. பிறகு 2015இல், எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் பங்கேற்ற ஆய்வு, அம்மாநிலத்தில் அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்கள் ஏறத்தாழ 2.3 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இரண்டே முக்கால் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் அதுவே பெருந்துயரம். அதைப் பத்தில் ஏழாக ஊதிக் காட்டியதால் ஒரு தலைமுறை முழுவதற்கும் பழி சேர்ந்ததே தவிர, ஒரு படுக்கைகூடக் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. நம் ஊர் மையம் ஒன்றில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள் என்று நாளை ஒரு செய்தி வந்தாலும், அதிலிருந்து கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் என்று ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

அடுத்தது, வெவ்வேறு அளவுகோலால் அளந்த இரண்டு எண்களை அருகருகே வைத்து வளர்ச்சி சொல்வது. போதைப்பொருள் பயன்பாடு பற்றி 2000-2001இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு 12 முதல் 60 வயது வரையிலான ஆண்களிடம் மட்டுமே நடந்தது; கேட்கப்பட்டவர்கள் சுமார் 40,000 பேர். 2018இல் நடந்து 2019இல் வெளியான கணக்கெடுப்போ, 10 முதல் 75 வயது வரையிலான இருபாலாரையும் சேர்த்து, இரண்டு லட்சம் வீடுகளில் 4.7 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. அதோடு, போதைச் சார்புடைய 72,642 பேரைத் தனியாகத் தேடிக் கண்டும் விசாரித்தது. முதலாவதில் அபின் வகைப் பயன்பாடு 0.7 சதவீதம், இரண்டாவதில் 2.1 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, மூன்று மடங்காகிவிட்டது என்று எழுதுவோர், அதே இரண்டு அறிக்கைகளில் மதுவுக்கு உள்ள எண்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 21.4 சதவீதமாக இருந்த குடிப்பழக்கம் 14.6ஆகக் குறைந்திருக்கிறது. குடி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? பின்னதில் ஆண்களை மட்டும் தனியே எடுத்தால் 27.3 சதவீதம், பெண்களையும் சேர்த்து வகுத்ததால் சராசரி தாழ்ந்தது, அவ்வளவே. கடும் போதைப்பொருள்களைப் பொறுத்தவரை ஆள்களைத் தேடிய முறையே மாறியிருப்பதால், அந்த மூன்று மடங்கில் உண்மையான பெருக்கம் எவ்வளவு, தேடல் கூர்மையானதால் கூடியது எவ்வளவு என்று பிரிக்கவே வழியில்லை.

வீடு வீடாகக் கேட்டால் போதும் என்ற நம்பிக்கையும் அத்தகையதே. ஓர் அறையும் ஒரு நடையும் உள்ள வீட்டுக்குக் கையில் படிவத்துடன் ஒருவர் வந்து நிற்கிறார். பையன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அப்பாவின் நண்பர் ஒருவர் வாசலில் நிற்கிறார். புகையிலை, மது பற்றிய கேள்விகளுக்கு ஓரளவு பதில் வரும். ஊசி போட்டதுண்டா என்ற கேள்விக்கு அந்த இடத்தில் ஒரே பதில்தான் வர முடியும். அதுவும் வீட்டில் இருப்பவனுக்கு. கேப்பர் மலை மத்தியச் சிறையில் இருப்பவர், விசைப்படகில் கடலுக்குப் போனவர், லாரி ஓட்டுபவர், சிப்காட்டில் வேலைக்கு வந்து பலரோடு ஒரு கொட்டகையில் தங்கும் வெளிமாநிலத்தவர், பேருந்து நிலையத்தில் படுத்துறங்குபவர் எவரும் அந்தப் படிவத்துக்குள் வரமாட்டார்கள். அமெரிக்காவின் ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கணக்கெடுப்பிலும் சிறைக்கைதிகளும் காப்பகங்களில் தங்காத வீடற்றோரும் விடுபடுகிறார்கள் என்பதால், அங்கே ஹெராயின் பயன்படுத்துவோரின் எண்ணிக்கைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகவே எச்சரித்து வருகிறார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு; அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயிரத்தில் இருவர் மட்டுமே பயன்படுத்தும் ஒரு பொருளைப் பற்றிக் கேட்கிறோம் என்று கொள்வோம். கேள்வி புரியாமலோ, படிவத்தில் கை தவறியோ நூற்றில் ஒருவருக்கு 'ஆம்' என்று பதிவாகிவிட்டால், ஆயிரம் பேரில் பத்துப் பேர் பொய்யாகச் சேர்ந்துவிடுவார்கள், இரண்டு பன்னிரண்டாகிவிடும். கொக்கேன் போன்ற அரிய பொருள்களில் 0.1 சதவீதம் என்றெல்லாம் வரும் எண்களைச் சிறு மாதிரியில் கணக்கிட்டு, அதை மாவட்ட வாரியாகவும் பிரித்துக் காட்டும் அட்டவணைகளை நான் சிறிதும் நம்புவதில்லை.

இனி, மறைந்திருப்போரை மதிப்பிடப் பெரிதும் பயன்படும் பெருக்கல் முறையைப் பார்ப்போம். தவறுகள் மிகுதியாக நேர்வதும் இங்கேதான். புதுச்சேரியில் ஒரு சிகிச்சை மையத்தின் பதிவேட்டில் ஓராண்டில் 400 பேர் பெயர் இருப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். களப்பணியாளர்கள் புதுச்சேரியில் வாழும் பயன்படுத்துவோர் பலரைச் சந்தித்து, அந்த ஆண்டில் அந்த மையத்துக்குச் சென்றீர்களா என்று கேட்கிறார்கள். நூற்றுக்கு 20 பேர் ஆம் என்கிறார்கள். அப்படியானால் 400 என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மொத்தம் 2,000. கணக்கு எளிது. ஆனால் இந்த ஊர்ப் பக்கம் எல்லை எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்: புதுச்சேரியின் கிருமாம்பாக்கமும் பாகூரும் தமிழ்நாட்டின் ரெட்டிச்சாவடியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, கடலூர், விழுப்புரம் மாவட்டத்தார் மருத்துவத்துக்கு ஜிப்மருக்கோ புதுச்சேரியின் வேறு மருத்துவமனைக்கோ போவது அன்றாட வழக்கம். அந்த 400 பேரில் 100 பேர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றால், புதுச்சேரிக்கான கணக்கு 300இலிருந்துதான் தொடங்க வேண்டும், மொத்தம் 1,500. விலாசம் எழுதாத பதிவேட்டை வைத்து இதைத் திருத்தவே முடியாது. இன்னொரு சிக்கல்: களப்பணியாளர்கள் ஆள்களை எளிதில் சந்திக்கலாம் என்று அந்த மையத்தின் வாசலிலேயே நின்று கேட்டிருந்தால், ஆம் என்பவர்கள் 40 சதவீதமாகிவிடுவார்கள், அதே 300இலிருந்து கணக்கிடும் மொத்தம் 750ஆகச் சுருங்கிவிடும். ஊர் அதே ஊர், ஆள்களும் அதே ஆள்கள். எண் மட்டும் 2,000 முதல் 750 வரை அலைகிறது. காலமும் பொருந்த வேண்டும். பதிவேடு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும்; கேட்கப்படுபவரோ போன பொங்கலிலிருந்து நினைவு கூர்வார்.

பிடித்து மீண்டும் பிடிக்கும் முறை, மீன்களின் எண்ணிக்கையை அறியப் பயன்பட்டு மனிதர்களிடம் வந்த முறை. மருத்துவமனைப் பட்டியலில் 300 பேர், காவல் துறைப் பட்டியலில் 200 பேர், இரண்டிலும் இருப்பவர் 30 பேர் என்றால், 300ஐ 200ஆல் பெருக்கி 30ஆல் வகுக்க 2,000 கிடைக்கும். இதற்கு இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். கைதானவர்களைக் காவலர்களே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சேர்க்கும் வழக்கம் இருந்தால், பொதுப் பெயர்கள் 60ஆகக் கூடி, மதிப்பீடு 1,000ஆகப் பாதியாகிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கே உரிய இடர் இதைவிடப் பெரியது. காவல் நிலையத்தில் 'முருகன், த/பெ செல்வராஜ்' என்று எழுதப்பட்டவர், மருத்துவமனைக் கணினியில் ஆங்கிலத்தில் முன்னெழுத்து பின்னால் வந்து 'முருகன் எஸ்' ஆகியிருப்பார். வேறொரு சீட்டில் தந்தை பெயரே அவர் பெயராகியிருக்கும். மேலைநாடுகளில் குடும்பப் பெயரையும் பிறந்த நாளையும் வைத்துப் பட்டியல்களைப் பொருத்துவதுபோல இங்கே பொருத்தினால், உண்மையில் பொதுவாக உள்ள 30 பேரில் பாதிப்பேர் தவறிவிடுவார்கள். வகுக்கும் எண் 15ஆகி, மொத்தம் 4,000ஆகிவிடும். பெயர் பொருத்தலை எந்த விதிப்படி செய்தார்கள் என்று சொல்லாத அறிக்கையில் இந்த எண்ணை எடுத்தாளாமல் இருப்பதே நேர்மை.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, பயன்படுத்துவோரின் தன்மைகளுக்கு வருவோம். சட்டவிரோத போதைப்பொருள்களைச் சார்ந்திருப்போரில் இருபதில் ஒருவருக்குத்தான் உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று 2019 அறிக்கை சொல்கிறது. மையத்தில் சேர்ந்து தங்குபவர்களின் வயது, படிப்பு, வருமானம் எல்லாம் அந்த ஒருவரின் படம். மற்ற பத்தொன்பது பேரின் படம் அதில் இல்லை. இதைச் சரிசெய்யத்தான், பயன்படுத்துபவர் ஒருவரிடம் சில சீட்டுகளைக் கொடுத்து, தமக்குத் தெரிந்தவர்களை அவரே அழைத்துவரச் செய்யும் சங்கிலி முறையை டக்ளஸ் ஹெக்கதோர்ன் 1997இல் வகுத்தார். ஆனால் பலரை அறிந்தவருக்குச் சீட்டு வந்து சேரும் வாய்ப்பு அதிகம். தனியாக இருப்பவருக்குக் குறைவு. ஆகவே எத்தனை பேரைத் தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எடை போட்ட பிறகுதான் சதவீதம் சொல்ல வேண்டும். ஆண்களிலிருந்து தொடங்கிய சங்கிலி ஆண்களுக்குள்ளேயே சுற்றுவதும் இயல்பு. கணவன் வாங்கி வருவதை வீட்டுக்குள்ளேயே பயன்படுத்தும் பெண்ணின் கைக்கு அந்தச் சீட்டு போகவே போகாது. மேலே சொன்ன 2015 பஞ்சாப் ஆய்வில் 99 சதவீதத்தினர் ஆண்கள். அதை வைத்துக்கொண்டு பெண்களுக்குத் தனிப் பிரிவு தேவையில்லை என்று முடிவெடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது; கண்ணில் படாதவரை இல்லாதவராக்கி, பிறகு இல்லாதவருக்கு எதற்குப் படுக்கை என்று கேட்பது அது.

சொல்வரையறையில் நேரும் குழப்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாழ்நாளில் ஒருமுறை பயன்படுத்தியவர், கடந்த ஓராண்டில் பயன்படுத்தியவர், அடிமையாகிவிட்டவர் ஆகிய மூவரும் மூன்று வேறு எண்கள். பாங்கு சட்டத்துக்கு உட்பட்டே பல மாநிலங்களில் விற்கப்படுவதால், கஞ்சாவோடு அதையும் சேர்த்த எண்ணைக் கடும் போதைப்பொருள் கணக்கில் வைக்கக் கூடாது. வழக்குகளின் எண்ணிக்கையும் பறிமுதலின் எடையும் காவல் துறையின் முனைப்பைக் காட்டுமே தவிர, பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் காட்டா. சாக்கடை நீரை ஆய்ந்து உட்கொண்ட அளவைக் கணிக்கும் முறை ஐரோப்பாவில் நன்கு வேரூன்றியிருக்கிறது. அது எத்தனை கிராம் என்று சொல்லும், எத்தனை பேர் என்று சொல்லாது.

இரண்டு அறிக்கைகள் முரண்படும்போது சராசரி எடுத்துவிடுவதும் பரவலாக இருக்கிறது. ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர் 8.5 லட்சம் பேர் என்று 2019 அறிக்கை மதிப்பிட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-22இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 2.9 லட்சம்தான். பின்னது, ஊசி போடுவோர் கூடும் இடங்களை வரைபடமாக்கி, அங்கே சென்றடையக்கூடியவர்களை எண்ணியது. எந்தத் தெருவில் எத்தனை ஊசி கொடுக்க வேண்டும் என்று திட்டமிட அதுவே ஏற்றது. முன்னது, அந்த இடங்களுக்கு வராதவர்களையும் உள்ளடக்க முயன்றது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண் எவரையும் குறிக்காது.

கடைசியாக, தேசிய சதவீதத்தை மாவட்ட மக்கள்தொகையால் பெருக்குவது. 2011 கணக்கெடுப்பில் 26 லட்சம் பேர் இருந்த கடலூர் மாவட்டத்தை 2.1 சதவீதத்தால் பெருக்கினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய எண் வரும். திட்ட அறிக்கையில் அது கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் மிசோரம், நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களில் விகிதம் பல மடங்கு உயர்ந்திருப்பதையும் உள்ளடக்கியதுதான் அந்தத் தேசிய சராசரி. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் சராசரிகூட, கேரளக் கரையிலுள்ள மாகியையும் ஆந்திரத்துக்குள் உள்ள ஏனாமையும் காரைக்காலையும் சேர்த்துக் கலக்கியது; புதுச்சேரி நகரின் கோரிமேட்டுக்கு அது பொருந்தும் என்று எண்ண ஆதாரம் இல்லை. இரு பக்கத்து மையங்களும் தங்கள் பதிவேட்டில் நோயாளியின் வட்டம் அல்லது கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு), சேர்ந்த மாதம், தமிழில் தந்தை பெயர் ஆகிய மூன்றையும் ஒரே முறையில் எழுதத் தொடங்கினால், அடுத்த சில ஆண்டுகளில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனியே, கீழெல்லையும் மேலெல்லையும் குறித்த ஒரு மதிப்பீட்டை இங்குள்ள தரவிலிருந்தே உருவாக்க முடியும்.